கைமாறும் வீடு – 11: தூங்கும் பிள்ளையை எழுப்புவது யார்?

செட்டில்மென்ட் நாளன்று பணமும் சாவியும் எப்படிக் கைமாறுகின்றன என்பதைப் போன வாரம் பார்த்தோம். இன்னமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில்தான் இருக்கிறோம். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளட்டும். இந்த வாரம் இடம் குறைவு, விஷயம் அதிகம்.

அங்கே ஒரு வீட்டை விற்றால் உரிமை மாற்றப் பத்திரத்தோடு ‘படிவம் 24’ என்று ஒன்றும் போக வேண்டும். விற்பவர் யார், வாங்குபவர் யார், என்ன விலை, எந்தத் தேதி என்று வழக்கமான கேள்விகள்தான் பெரும்பாலும். இரண்டு கேள்விகள் மட்டும் தனித்து நிற்கின்றன. மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சேஃப்டி சுவிட்ச் இருக்கிறதா? சட்டப்படியான புகை அலாரம் பொருத்தியிருக்கிறதா, அதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்தாயிற்றா?

நில உரிமையைப் பதிகிற அலுவலகத்துக்கும் படுக்கையறைக் கூரையில் இருக்கும் உள்ளங்கை அகல டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து நான் விடாமல் சொல்லிவருவது இதைத்தான். ஒரு வீடு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் அந்தச் சில வாரங்களில்தான் அரசாங்கத்தால் அதற்குள் எட்டிப்பார்க்க முடிகிறது. மற்ற நாட்களில் குடியிருப்பவர் கதவைத் தட்டி, “உங்கள் கூரையைக் காட்டுங்கள்” என்று கேட்டுக்கொண்டு ஊர் முழுக்க யார் போவது? விற்கும்போது நடுவில் பணம் நிற்கிறது, வக்கீல் நிற்கிறார், தேதி நெருக்குகிறது. பத்து வருஷம் தள்ளிப்போட்ட வேலை பத்து நாளில் முடிந்துவிடும்.

இந்தக் கேள்வி படிவத்தில் இன்று இவ்வளவு கனமாக நிற்பதற்கு ஓர் இரவு காரணம். 2011 ஆகஸ்ட் 23 முடிந்து 24 பிறந்த இரவு. பிரிஸ்பேனுக்குத் தெற்கே லோகன் பகுதியில் ஸ்லாக்ஸ் கிரீக் என்ற புறநகரில் மாடி வீடு ஒன்று தீப்பிடித்தது. பசிபிக் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் சொந்தபந்தமாகக் கூடி வாழ்ந்த வீடு. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மூன்று பேர் மட்டும் தப்பினார்கள். மரண விசாரணையின் முடிவு 2014-இல் வந்தது. தீ எப்படிப் பற்றியது என்பதை விசாரணை அதிகாரியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேலை செய்யும் நிலையில் ஒரு புகை அலாரம்கூட அங்கே இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. எல்லாப் படுக்கையறைகளிலும் அலாரம் வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒளியால் புகையைக் கண்டறியும் வகையாக இருக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 2016-இல் மாநில நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது.

அந்தச் சட்டம் அவசரப்படவில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளும் பெரிய அளவில் மாற்றிக் கட்டும் வீடுகளும் 2017 ஜனவரி 1 முதல் அதன் கீழ் வந்தன. விற்கும் வீடும் வாடகைக்கு விடும் வீடும் 2022 ஜனவரி 1 முதல். சொந்தக்காரரே குடியிருக்கும் வீடு உட்பட மீதி எல்லாவற்றுக்கும் 2027 ஜனவரி 1 கெடு. ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 2022 பிப்ரவரியில் ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் என்று வைத்தது, விற்பனையோடு முடிச்சுப் போடவில்லை. எனக்குக் குவீன்ஸ்லாந்தின் வழிதான் பிடிக்கிறது. அங்கே ஒருவர் பேர் போட்டுக் கையெழுத்திட்டாக வேண்டும்.

சரி, என்னதான் வேண்டும்? ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று. படுக்கையறைகளை வீட்டின் மற்ற பகுதியோடு சேர்க்கும் நடையில் ஒன்று. படுக்கையறையே இல்லாத தளமானால், அங்கிருந்து வெளியேறும் வழியில் ஒன்று. மாடியில் மூன்று படுக்கையறை, ஒரு நடை, கீழே கூடமும் சமையலறையும் என்றால் மொத்தம் ஐந்து. ஒன்று கத்தினால் ஐந்தும் கத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கழற்ற முடியாத பத்து வருஷ பேட்டரி இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒயரிங்கில் இருந்ததை மாற்றினால் புதியதும் ஒயரிங்கில்தான், அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வர வேண்டும். அலாரத்தின் வயது பத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வயது கடையில் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, தயாரித்த தேதியிலிருந்து ஓடுகிறது.

சமையலறையில் வைக்கச் சொல்லவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன்.

எங்கே திருக வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. சுவரும் கூரையும் சேரும் மூலையிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். விளக்கிலிருந்தும் 300. ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் மின்விசிறியின் இறக்கையிலிருந்தும் 400. கூரையில் முட்டிய புகை பக்கவாட்டில் பரவும், மூலைக்குள் இருக்கும் காற்று மட்டும் அசையாமல் கிடக்கும். அதனால் மூலையில் வைத்த அலாரத்துக்குப் புகை தாமதமாகத்தான் வந்து சேரும். விசிறி பக்கத்தில் இருந்தாலோ, வருகிற புகையையும் அது தள்ளிவிடும்.

என் சித்தி மகள் ஒருத்தி பிரிஸ்பேனில் இருக்கிறாள். வீட்டை விற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது வீடியோ காலில் நடையிலிருந்த பழைய அலாரத்தைக் காட்டச் சொன்னேன். நாற்காலியில் ஏறி இடப்பக்கம் திருகினாள், கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தது. திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் தயாரித்த தேதி. கெடு தாண்டி எத்தனையோ நாளாகியிருந்தது. பக்கத்தில் கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம், அதன் கீழே ‘ஏஎம் 241’ என்ற எழுத்து. பேட்டரி இருக்க வேண்டிய குழியில் பேட்டரி இல்லை.

“கடுகு வெடிக்கதுக்கு முன்னாலயே கத்திருது அண்ணே. பிள்ளை தூக்கத்துல முழிச்சு அழுதுட்டு. அதான் கழத்திப் போட்டேன்” என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளிப்பு இருக்கிற வீட்டில் எல்லாம் இதே கதைதான். அந்த மூன்று இதழ்ச் சின்னம்தான் அதற்குக் காரணம்.

அந்த வகை அலாரத்துக்குள் அமெரிசியம்-241 என்ற தனிமம் இருக்கிறது, ஒரு மைக்ரோகிராமிலும் குறைவான அளவு. அது வெளிவிடும் ஆல்ஃபா கதிர் இரண்டு சிறு தகடுகளுக்கு நடுவே இருக்கும் காற்றை மின்னூட்டம் பெறச் செய்யும். அதனால் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகைத் துகள் உள்ளே புகுந்தால் ஓட்டம் குறையும், அலாரம் அலறும். கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகளைக்கூட இது பிடித்துவிடும். காய்ந்த எண்ணெயிலிருந்து எழுவது அந்த ரகம்தான். சோபாவுக்குள் விழுந்த நெருப்பு கொழுந்துவிடாமல் மணிக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்போது வருகிற கனத்த, பெரிய துகள் விஷயத்தில் இது மந்தம். தூங்குகிறவர்களைக் கொல்வதில் அந்தப் புகைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, சமைக்கும்போது தேவையில்லாமல் கத்தி, தேவைப்படும் இரவில் தாமதித்துக் கத்துகிற கருவி. குவீன்ஸ்லாந்து சட்டம் இந்த வகையை ஒரேயடியாக விலக்கிவிட்டது.

அமெரிசியம் என்று எழுதியதும் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அணுகுண்டுத் திட்டத்தின் நடுவே, 1944-இல், கிளென் சீபோர்கும் அவர் கூட்டாளிகளும் சிகாகோவில் கண்டுபிடித்த தனிமம் இது. போர்க்கால ரகசியம். 1945 நவம்பர் 11 அன்று ‘குவிஸ் கிட்ஸ்’ என்ற குழந்தைகள் வானொலி நிகழ்ச்சிக்குச் சீபோர்க் விருந்தாளியாகப் போனார். புதிதாக வேறு ஏதாவது தனிமம் கண்டுபிடித்தீர்களா என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆம், 95-உம் 96-உம் என்று அவர் சொல்லிவிட்டார். விஞ்ஞானிகள் சபையில் முறையாக அறிவிக்க இன்னும் சில நாள் இருந்தது! ஒரு குழந்தையின் கேள்விக்குப் பதிலாக உலகத்துக்குத் தெரியவந்த பொருள், பிறகு கோடிக்கணக்கான வீடுகளில் குழந்தைகள் தூங்கும் அறைக்கு வெளியே கூரையில் போய் உட்கார்ந்தது. இந்த வாரம் படித்ததில் இது இரண்டாவது மகிழ்ச்சி. முதலாவது கீழே வருகிறது.

சட்டம் கேட்கும் ஒளி வகை அலாரத்தில் கதிரியக்கம் ஏதும் கிடையாது. இருட்டான ஒரு சிறு அறை, அதற்குள் ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் நேராகப் படாத கோணத்தில் ஓர் உணரி. காற்று சுத்தமாக இருந்தால் உணரிக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டு வீட்டுக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தூசி பளிச்சிடுகிறதே, அப்படிப் புகைத் துகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்போது உணரி விழித்துக்கொள்ளும். புகைச்சலை இது சீக்கிரம் பிடிக்கும். தாளிப்புக்குக் கத்துவதும் குறைவு. குறைவுதான், அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சமையலறைக்குள் எதையும் மாட்டச் சொல்லாததன் புத்திசாலித்தனம் இங்கேதான் புரிகிறது. சும்மா சும்மா கத்துகிற அலாரத்தை எந்த வீட்டிலும் கழற்றிவிடுவார்கள். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர் அலாரமே இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீட்டில் இறக்கிறார்கள் என்று அங்குள்ள தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் கணக்கு சொல்கிறது.

இப்போது படுக்கையறை. நடையில் ஒன்று போதாதா, ஒவ்வொரு அறையிலும் எதற்கு என்று விற்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். செலவு அங்கேதான் ஏறுகிறது. நானும் இந்தக் கேள்வியோடுதான் தேடப் போனேன்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்காவின் தர நிர்ணய ஆய்வகம் 1970-களில் வீடுகளைக் கொளுத்திப் பார்த்தபோது, அலாரம் அடித்த பிறகு தப்பிக்கச் சுமார் 17 நிமிடம் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அதே ஆய்வகம் மறுபடி பார்த்தபோது அது சுமார் மூன்று நிமிடமாகச் சுருங்கியிருந்தது. பஞ்சும் மரமும் இருந்த இடத்தில் இன்று ஃபோம் மெத்தையும் செயற்கை இழைத் துணியும் இருக்கின்றன. வேகமாக எரிகின்றன, விஷப்புகை கக்குகின்றன.

அந்த மூன்று நிமிடத்துக்குள் பிள்ளை விழிக்குமா? மெல்பர்ன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி புரூக் என்ற உளவியலாளர் 1990-களின் இறுதியில் குழந்தைகள் தூங்கும்போது அலாரத்தை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். பெரும்பாலான குழந்தைகள் ஏதாவது ஒரு தடவையாவது எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளின் ஆழ்ந்த உறக்கம் பெரியவர்களின் உறக்கத்தைப் போன்றதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலி அதைத் துளைப்பதில்லை. வழக்கமான அலாரத்தின் ஒலி 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதைவிடக் கனத்த, 520 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி நன்றாக எழுப்புகிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

இதற்கடுத்ததுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. அங்குள்ள ஆய்வாளர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான 24 குழந்தைகளை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்தார்கள். ஆழ்ந்த உறக்கத்துக்குள் போன பிறகு ஒரு சமயம் சாதாரண அலாரத்தை ஒலிக்கவிட்டார்கள். இன்னொரு சமயம் பிள்ளையின் சொந்த அம்மாவின் குரலைப் பதிவுசெய்து வைத்திருந்து, அதை அதே இடத்திலிருந்து ஒலிக்கவிட்டார்கள். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்திரு, கட்டிலை விட்டு இறங்கு, வெளியே போ என்று சொல்லும் குரல். முடிவு 2006-இல் வெளியானது. அலாரத்துக்கு 14 பேர் எழுந்தார்கள். அம்மாவுக்கு 23 பேர். சரிபாதிக் குழந்தைகளாவது விழித்திருக்க அலாரத்துக்கு மூன்று நிமிடம் பிடித்தது. அம்மாவுக்கு இருபது விநாடி. தப்பிக்க இருப்பதே மூன்று நிமிடம் என்று மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

அவர்கள் அதோடு விடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் மந்திரமோ என்று சந்தேகம் வந்தது. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை 176 குழந்தைகளை வைத்து மறுபடி சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். பேர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமான பிள்ளைகள் அம்மா குரலுக்கு எழுந்துவிட்டார்கள். கீச்சொலிக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான். நேரத்தைப் பாருங்கள்: குரலுக்குப் பாதிப் பிள்ளைகள் இரண்டு விநாடியில் விழித்துவிட்டார்கள், கீச்சொலிக்கு 156 விநாடி ஆயிற்று. இரண்டு விநாடி! தாய்மார்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. எனக்கு இருந்தது, இன்னமும் இருக்கிறது.

குவீன்ஸ்லாந்து சட்டத்தில் அம்மாவின் குரலைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆனால் ‘ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும்’ என்ற விதியை இந்த ஆய்வுகளின் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் அதன் முழு வேலை எனக்கு விளங்கியது. தீ பிள்ளையின் அறையில் பற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கும் அலாரம் கத்துகிறது, பிள்ளை எழவில்லை. அதே நொடியில் நடைக்கு அப்பால் பெற்றோரின் தலைக்கு மேலேயும் ஒன்று கத்துகிறது. அவர்கள் எழுந்து, பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். மிச்சத்தை அந்தக் குரல் பார்த்துக்கொள்ளும். இணைப்பு இல்லாத பழைய முறையில் அவர்கள் அறைக்கு வந்து சேர்வது இரண்டு மூடிய கதவைத் தாண்டிய மெல்லிய சத்தம் மட்டும். ஏசி ஓடுகிற இரவில் அதுவும் கேட்காது.

ஆகவே ஐந்து அலாரத்துக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுக்கிற பணத்தை விற்பனைச் செலவு என்று எழுதிவைப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. விற்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது என்பது உண்மை. அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத்தான் அவர் அதை மாட்டுகிறார். சட்டம் அவரிடம் அதைக் கேட்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

மாட்டாமலே விற்றால்? அந்த மாநிலத்தின் ரியல் எஸ்டேட் சங்கம் தயாரித்துப் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. செட்டில்மென்ட்டுக்கு முன் வாங்குபவர் எழுத்தில் கேட்டால் விலையில் 0.15 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு 1,200 டாலர். கணக்கு நேர்தான், ஆனாலும் எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட குடும்பம், சாமான் இறக்கிய களைப்பில், எந்தக் கதவு எங்கே என்றுகூடப் பிள்ளைகளுக்குப் பழகாத வீட்டில், அலாரம் இல்லாத கூரையின் கீழே முதல் இரவு தூங்கும். எலக்ட்ரீஷியன் அடுத்த வாரம் வருவார், அதற்கடுத்த வாரமும் வருவார். வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: கழிவைக் கேட்காதீர்கள், மாட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாட்டியதும் ஒன்றை அமுக்கிப் பார்த்து மற்ற எல்லாம் கத்துகின்றனவா என்று வீடு முழுக்க நடந்து சோதியுங்கள்.

என் சித்தி மகள் அப்படித்தான் செய்தாள், விற்கிற பக்கத்தில் இருந்துகொண்டே. நாலு அலாரம் மாட்டி, நடையில் இருந்ததை அமுக்கியபோது அதையும் சேர்த்து மூன்றுதான் கத்தின. கடைசி அறையில் இருந்தது வயர்லெஸ் இணைப்பில் சேரவே இல்லை. அதைச் சேர்த்த பிறகுதான் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

வாசகர் ஒருவர் கேட்டிருந்த சந்தேகம்: பழைய அலாரம் ஏன் எப்போதும் விடிகாலையில் ‘கீக்’ என்று குறைப் பேட்டரிச் சத்தம் போடுகிறது? விடிவதற்கு முன்புதான் வீடு மிகவும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்தால் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கும், ஏற்கெனவே தீரப்போகிற பேட்டரி அந்த நேரத்தில் எல்லைக்குக் கீழே போய்விடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தை இந்த வாரமே முடிப்பதாகச் சொல்லியிருந்தேன், இடம் போதவில்லை. அங்கே விற்பவரின் கையெழுத்தை மட்டும் நம்புவதில்லை. உள்ளூர்த் தீயணைப்புத் துறையிலிருந்து ஆள் வந்து, ஒவ்வொரு அலாரத்தையும் பார்த்து, சான்றிதழ் கொடுத்தால்தான் விற்பனை முடியும். எந்த வருஷத்தில் கட்ட அனுமதி வாங்கிய வீடு என்பதைப் பொறுத்து விதியே மாறும். சமையலறையிலிருந்து 20 அடி என்ற கணக்கு அங்கே ஒரு தனிக் கதை. அடுத்த வாரம் அந்தச் சான்றிதழோடு தொடங்குவோம். படிவம் 24-இன் சேஃப்டி சுவிட்ச் கேள்வியும் அப்போதுதான்.

(தொடரும்)